ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும் முன்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஹாஸ்டல் கதை, மெஸ் கதை என்று எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் நம் செயலாளர், "அதெல்லாம் பந்தியில பேசிக்கலாமுங்க, பசங்களுக்கு உபயோகமா ஏதாச்சும் சொல்லுங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஆய்வு செய்யும் மாணவர்கள் சிலரும் வந்து, "சார், தீசிஸ் எழுதிடறோம். அதை ஒரு நல்ல ஆய்விதழுக்கு அனுப்பறதுதான் தெரியலீங்க" என்றார்கள். பல வருடமாக மற்றவர்கள் எழுதிய கட்டுரைகளை மதிப்பீடு செய்து வருகிறவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த சிலவற்றைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. எதற்காக ஆய்விதழில் எழுத வேண்டும்? பிரமோஷனுக்கு என்று சிலர் சிரிப்பது காதில் விழுகிறது. சரி, அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் நம் ஈரோட்டு மஞ்சளை நினைத்துப் பாருங்கள்.

1995-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவில், புண்ணை ஆற்றுவதற்கு மஞ்சள் தூளைப் பயன்படுத்தும் முறைக்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் பெயரில் ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. காலில் கல் குத்தினால் மஞ்சளைக் குழைத்துப் பூசாத வீடு நம் பக்கம் உண்டா? நம் அப்பத்தாக்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. ஆனால் "எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்" என்று சொன்னால் அங்கே எடுபடாது. அச்சில் எங்கே இருக்கிறது, காட்டு என்பார்கள். நம் நாட்டு அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு, அதாவது சி.எஸ்.ஐ.ஆர்., 1996-இல் எதிர்த்து மனுச் செய்தபோது முப்பத்திரண்டு ஆதாரங்களைச் சேர்த்துக் கொடுத்தது. அவற்றில் பழைய சமஸ்கிருத நூலும் இருந்தது. 1953-இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஒரு கட்டுரையும் இருந்தது. 1997-இல் அந்தக் காப்புரிமை ரத்து செய்யப்பட்டது.

அந்த 1953-ஆம் வருடக் கட்டுரையை எழுதியவர், நாற்பது வருடம் கழித்து இது ஒரு வழக்குக்கு உதவும் என்று நினைத்தா எழுதியிருப்பார்? செய்த வேலையை ஒழுங்காக எழுதி, தேதியோடு அச்சேற்றி வைத்தார். அவ்வளவுதான். தெரிந்ததை எழுதி வைக்காத ஊர், தெரியாத ஊர் மாதிரியே நடத்தப்படும். நான் சொல்ல வந்ததில் பாதி இதுதான்.

ஈரோட்டில் பிறந்தவருக்கே திரும்பி வந்தது

கட்டுரை திரும்பி வந்தால் நம் பிள்ளைகள் சோர்ந்துபோகிறார்கள். அவர்களுக்கு ஈரோட்டில் பிறந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். 1887 டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டில் தன் தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தவர் கணிதமேதை ராமானுஜன். வளர்ந்ததும் படித்ததும் கும்பகோணம். அவருடைய முதல் ஆய்வுக்கட்டுரை, பெர்னூலி எண்களைப் பற்றியது, 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வந்தது. அச்சில் பதினேழு பக்கம். அந்த இதழின் ஆசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார். ராமானுஜனின் வழிமுறைகள் புதியவை, ஆனால் மிகச் சுருக்கமானவை. எழுத்தில் தெளிவும் ஒழுங்கும் குறைவு. சாதாரண வாசகரால் தொடர முடியாது என்பது அன்றைய பதிப்பாசிரியர் தரப்பின் அபிப்பிராயம். கட்டுரை ஒரு தடவைக்கு மேல் திரும்பிப் போய், திருத்தி எழுதப்பட்ட பிறகே அச்சேறியது.

ராமானுஜனுக்கே அப்படி என்றால், நமக்கு இரண்டு தடவை திரும்பி வருவதில் என்னங்க அவமானம்?

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அவருடைய நோட்டுப் புத்தகங்களில் விடைகள் இருக்கும். எப்படி வந்தது என்ற வழி பெரும்பாலும் இருக்காது. அந்த நோட்டுகளில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நிரூபித்து, ப்ரூஸ் பெர்ண்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஐந்து பாகங்களாக வெளியிட்டார். முதல் பாகம் 1985-இல், ஐந்தாவது 1998-இல். ராமானுஜன் என்பதால் உலகம் அத்தனை பாடுபட்டது. நம் கட்டுரையில் வழி விட்டுப்போனால் யாரும் மெனக்கெடமாட்டார்கள். ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள்.

அறிவியல் எழுத்து இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. 1912-இல் இங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் உழைத்து உருவாக்கிய கலப்பினக் கரும்பு 'கோ 205', 1918-இல் பஞ்சாப் வரைக்கும் போயிற்று. அந்த 'கோ' நம் கோயம்புத்தூர்தான். அதே நிலையத்தில் வேலை பார்த்த ஜானகி அம்மாள், கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்த தன் ஆய்வை 1938-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். ஒரு பெண், அந்தக் காலத்தில், இந்த ஊரில் செய்த வேலை உலகின் முதல்தர இதழில் வந்திருக்கிறது. ஆகவே "நம்ம ஊர் காலேஜில இருந்து அனுப்பினா யார் போடுவாங்க" என்ற பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள்.

எந்த வரிசையில் எழுதுவது?

இனி வேலைக்கு வருவோம். அச்சான கட்டுரையில் தலைப்பு, சுருக்கம், முன்னுரை, முறை, முடிவுகள், விவாதம், துணைநூல் பட்டியல் என்று வரிசையாக இருக்கும். அதே வரிசையில் எழுத உட்கார்ந்தால் முன்னுரையிலேயே மூன்று மாதம் போய்விடும். நான் சொல்லும் வரிசை வேறு.

முதலில், கண்டுபிடித்தது என்ன என்பதை ஒரே வாக்கியத்தில், தமிழில், உங்கள் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். "இத்தனை தண்ணி மிச்சம் பண்ணியும் மகசூல் குறையலம்மா" என்று சொல்ல வந்தால் கட்டுரை தயார். "அது வந்தும்மா, நிறைய பாராமீட்டர் பார்த்தோம்" என்று இழுத்தால் இன்னும் தயாராகவில்லை.

அடுத்தது அட்டவணைகளும் படங்களும். எந்த நான்கைந்து படம், அட்டவணை இருந்தால் அந்த ஒரு வாக்கியம் நிரூபணமாகும்? அவற்றை மட்டும் மேஜைமேல் பரப்பி வையுங்கள். மற்றதெல்லாம் தீசிஸில் இருக்கட்டும். ஒரே எண்ணை அட்டவணையிலும் போட்டு, கிராஃபிலும் போட்டு, வாக்கியத்திலும் திரும்பச் சொல்வது வேண்டாம். ஒவ்வொரு அட்டவணையும் தனியாகப் பிரித்துப் படித்தாலும் புரிய வேண்டும். அலகு, எத்தனை மாதிரிகள், எந்த வருடம் எல்லாம் அதிலேயே இருக்க வேண்டும்.

மூன்றாவது, செய்முறை. நம் ஊர் பம்புசெட் கம்பெனிக்காரர்களைப் பாருங்கள். "நல்ல மோட்டார், நிறைய தண்ணி வரும்" என்று சொல்லி விற்பதில்லை. எத்தனை எச்.பி., எத்தனை மீட்டர் உயரத்துக்கு, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று தகட்டிலேயே அடித்துக் கொடுக்கிறார்கள். செய்முறைப் பகுதி அந்தத் தகடு மாதிரி.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். சத்தியமங்கலம் பக்கம் ஒருவர் மஞ்சளுக்குச் சொட்டுநீர் சோதனை செய்கிறார். "தேவையான அளவு நீர் பாய்ச்சப்பட்டது" என்று எழுதினால் பஞ்சாபில் இருக்கிறவர் அதை வைத்து என்ன செய்வார்? ரகம் எது, மண் எந்த வகை, நட்ட தேதி என்ன, பாத்தி எத்தனை மீட்டர், ஒவ்வொரு முறைக்கும் எத்தனை பாத்தி, எந்தப் பாத்திக்கு எந்த முறை என்று குலுக்கிப் போட்டுத் தீர்மானித்தாரா அல்லது வாய்க்கால் ஓரத்தில் இருந்ததையெல்லாம் ஒரே முறைக்குக் கொடுத்தாரா, தண்ணீர் எத்தனை மில்லிமீட்டர், எத்தனை நாளைக்கு ஒரு முறை, அந்தப் பருவத்தில் மழை எவ்வளவு, எந்தப் புள்ளியியல் சோதனை, எந்த மென்பொருள், அதன் எந்தப் பதிப்பு. இவ்வளவும் வேண்டும். செய்முறையை வேலை நடக்கும்போதே எழுதிவிடுவது உத்தமம். இரண்டு வருடம் கழித்து உட்கார்ந்தால், பாத்தியின் அளவு பழைய டைரியில் தேடினாலும் கிடைக்காது.

மனிதர்களையோ விலங்குகளையோ வைத்துச் செய்யும் ஆய்வாக இருந்தால், நெறிக்குழுவின் அனுமதியை வேலை தொடங்கும் முன்பே வாங்க வேண்டும். எழுதும்போது வாங்கிக்கொள்ளலாம் என்பது நடக்காது. அனுமதி எண்ணும் தேதியும் கேட்பார்கள்.

நான்காவது, முடிவுகள். இங்கே நேர்மைக்குப் பரீட்சை. தராசு அரைக் கிலோ வரைக்கும்தான் காட்டும், நம் ஆள் "27.3846 டன்" என்று எழுதுவார். கால்குலேட்டர் கொடுத்தது என்பதற்காக எல்லாப் புள்ளிகளையும் எழுதக் கூடாது. சராசரியை மட்டும் கொடுத்தால் போதாது. பாத்திக்குப் பாத்தி எவ்வளவு ஏற்ற இறக்கம் என்பதும் வேண்டும். கொடுத்தது ஸ்டாண்டர்ட் டீவியேஷனா, ஸ்டாண்டர்ட் எரரா என்று சொல்லாமல் வெறும் கூட்டல்-கழித்தல் குறி போட்டால் மதிப்பீட்டாளர் அந்த இடத்திலேயே பேனாவை எடுத்துவிடுவார். இரண்டு முறைகளுக்கும் உள்ள வித்தியாசம், வேளாண்மைக்காரர்கள் 'சி.டி.' என்று சொல்லும் அளவைத் தாண்டவில்லை என்றால், "அதிகரித்தது" என்று எழுத நமக்கு உரிமை இல்லை.

ஒரு பாத்தியில் காட்டுப்பன்றி புகுந்துவிட்டது என்று வையுங்கள். அந்தப் பாத்தியைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றால், பன்றி புகுந்தது, ஆகவே விட்டுவிட்டோம் என்று எழுதுங்கள். பன்றி புகாத பாத்தியை, எண் ஒத்துவரவில்லை என்பதற்காகத் தூக்கி எறியாதீர்கள். படத்தை வெட்டி ஒட்டுவது, இல்லாத எண்ணைப் போடுவது இதெல்லாம் திருத்தத்தில் சேராது, மோசடியில் சேரும். அச்சான பிறகும் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறார்கள். "திரும்பப் பெறப்பட்டது" என்ற முத்திரை ஆயுசுக்கும் நம் பெயரோடு நிற்கும்.

ஐந்தாவது, விவாதம். இதில் அடக்கம் வேண்டும். ஒரு தோட்டத்தில், ஒரு பருவத்தில் செய்த சோதனையை வைத்து, "தமிழக விவசாயிகள் அனைவரும் கடைப்பிடிக்கலாம்" என்று முடிக்கிறார்கள். இந்த ஒரு வரியை யாரோ ஒரு விரிவாக்க அலுவலர் படிப்பார், கூட்டத்தில் சொல்வார், ஒரு விவசாயி கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கிக் குழாய் பதிப்பார். நாம் மேஜையில் உட்கார்ந்து எழுதிய வாக்கியத்துக்கு அவர் வட்டி கட்டுவார். அதனால் "இந்த மண்ணில், இந்தப் பருவத்தில் இப்படி வந்தது, வேறு இடத்தில் சோதிக்க வேண்டும்" என்று எழுதுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு முன்னுரை. எது தெரியும், எது தெரியவில்லை, அதில் நாம் எதைத் தேடினோம். இந்த மூன்றும் ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும். "மஞ்சள் பழங்காலம் தொட்டு" என்று ஆரம்பிக்கத் தேவையில்லை. மேற்கோள் காட்டும் கட்டுரைகளை நாமே படித்திருக்க வேண்டும். இன்னொருவர் பட்டியலிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டால் அவர் செய்த பிழையும் நம்மோடு வந்துவிடும்.

கடைசியாகச் சுருக்கமும் தலைப்பும். நூறு பேர் தலைப்பைப் பார்த்தால் சிலரே சுருக்கத்துக்கு வருவார்கள். அதிலும் சிலரே உள்ளே வருவார்கள். "மஞ்சள் பற்றிய ஓர் ஆய்வு" என்று தலைப்பு வைத்தால் யார் வருவார்? எந்தப் பயிர், என்ன செய்தோம், எது மாறியது என்பது தலைப்பிலேயே தெரிய வேண்டும்.

யார் பெயரைப் போடுவது?

இந்த இடத்தில் கொஞ்சம் மனம்விட்டுப் பேசுகிறேன், தவறாக நினைக்காதீர்கள். நம் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போனால் மண்டபத்திலேயே சண்டை. ஆகவே ஒரு பெயரும் விடாமல் போடுகிறோம். ஆய்விதழ் அந்த மாதிரிப் பத்திரிகை இல்லீங்க. துறைத்தலைவர் என்பதற்காக ஒரு பெயர், கருவி வாங்கக் கையெழுத்துப் போட்டார் என்பதற்காக ஒரு பெயர், "நான் உன் பேரைப் போடறேன், நீ என் பேரைப் போடு" என்று ஒரு பெயர். இப்படிச் சேர்த்தால் வேலை செய்த பிள்ளையின் பெயர் ஐந்தாவதாகப் போய் நிற்கிறது.

மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு இதற்கு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது. ஆய்வைத் திட்டமிடுவதிலோ தரவு சேர்ப்பதிலோ அலசுவதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதுவதிலோ ஆழமாகத் திருத்துவதிலோ பங்கு இருக்க வேண்டும். இறுதி வடிவத்தைப் பார்த்து ஒப்ப வேண்டும். நாளைக்குக் கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பை ஏற்க வேண்டும். நான்கும் சேர்ந்தால்தான் ஆசிரியர். மற்ற துறைகளுக்கும் இது நல்ல அளவுகோல். பாத்தி பிடித்த தோட்டத்துக்காரர், சோதனைக்குழாய் கழுவிக் கொடுத்த லேப் அட்டெண்டர் இவர்களுக்கு நன்றியுரையில் இடம் உண்டு. அதை மறக்காதீர்கள்.

1928-இல் சர் சி.வி. ராமன் தன் புது ஒளிச்சிதறலைப் பற்றி 'நேச்சர்' இதழுக்கு அனுப்பிய முதல் கடிதத்தில் கே.எஸ். கிருஷ்ணன் பெயரும் இருந்தது. கிருஷ்ணன் அவரிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த இளைஞர். கடிதத்தின் தேதி பிப்ரவரி 16. அச்சானது மார்ச் 31. அதே சமயத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டேல்ஸ்டாம் என்ற இருவரும் இதே விளைவைக் கண்டிருந்தார்கள். அவர்கள் கட்டுரை பின்னால்தான் வந்தது. 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு. காலத்தில் எழுதி அனுப்புவதும் விஞ்ஞானத்தில் ஒரு பகுதி. அந்த ராமன், மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தபோதே, பதினெட்டு வயதில், 1906-இல் 'ஃபிலசாஃபிகல் மேகஸின்' இதழில் தனியாகக் கட்டுரை எழுதியவர் என்பதையும் தம்பி தங்கைகள் குறித்துக்கொள்ள வேண்டும்.

எந்த இதழுக்கு அனுப்புவது?

உங்கள் துணைநூல் பட்டியலில் எந்த இதழ் அதிகமாக வருகிறதோ, உங்கள் வாசகர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அந்த இதழின் கடைசி இரண்டு வருடக் கட்டுரைகளைப் புரட்டிப் பாருங்கள். நூலகத்தில் இல்லை என்ற குறையும் ஓரளவு தீர்ந்திருக்கிறது. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்து, அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குச் சுமார் பதின்மூன்றாயிரம் இதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறது. தனியார் கல்லூரியில் இருக்கிறவர்கள் அரசு நிறுவனத்தில் இருக்கும் நண்பரைப் பிடியுங்கள். கட்டுரை எழுதியவருக்கே ஒரு மின்னஞ்சல் போட்டாலும் பெரும்பாலும் அனுப்பிவைப்பார்.

இன்னொரு பக்கம், போலி இதழ்கள். "மதிப்பிற்குரிய பேராசிரியரே, உங்கள் அரிய ஆய்வை நாலே நாளில் வெளியிடுகிறோம்" என்று தினமும் மெயில் வருகிறது. கூடவே பணம் அனுப்ப வேண்டிய விவரம். 2013-இல் ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே பிழைகள் வைத்த ஒரு போலிக் கட்டுரையைப் பணம் வாங்கி வெளியிடும் 304 இதழ்களுக்கு அனுப்பிப் பார்த்தார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. 'சயின்ஸ்' இதழில் அந்த விவரம் வந்தது. அந்த மாதிரி இதழ்கள் நடத்துகிறவர்களில் நம் நாட்டுக்காரர்கள் நிறைய என்பது வெட்கக்கேடு. இதைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் கொண்டுவந்த 'கேர்' பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டது. இனிமேல் நல்லது கெட்டது பார்க்கும் பொறுப்பு நம் கல்லூரிக்கும் நமக்கும்தான்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் நிஜமாகவே அந்தத் துறையில் இருக்கிறார்களா, அவர்கள் தம் சொந்தப் பக்கத்தில் இந்த இதழைக் குறிப்பிடுகிறார்களா என்று பாருங்கள். மதிப்பீட்டுக்கு இத்தனை நாளில் 'உறுதி' என்று யாராவது வாக்குக் கொடுத்தால் சந்தேகப்படுங்கள். ஒரே இதழில் பொறியியலும் இலக்கியமும் பல் மருத்துவமும் கலந்து வந்தால் ஓடிவந்துவிடுங்கள். பணம் கேட்கிற எல்லா இதழும் போலி அல்ல. திறந்த அணுக்க இதழ்கள் பல முறையாகக் கட்டணம் வாங்குகின்றன. ஆனால் கட்டணம் எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும், கட்டணத்துக்கும் மதிப்பீட்டுக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. பணம் வாங்காமல் வெளியிடும் நல்ல இதழ்களும் இருக்கின்றன. தாலியை அடகு வைத்துக் கட்டுரை போட வேண்டிய அவசியம் எந்தப் பிள்ளைக்கும் இல்லை. பி.எச்.டி. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தையே மானியக் குழு தன் 2022 விதிகளில் எடுத்துவிட்டது.

மொழி என்ற பயம்

தமிழ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் என்றால் பயம். ஆய்விதழ் இங்கிலீஷ் அலங்காரம் கேட்பதில்லை. ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி, சின்ன வாக்கியம், தெரிந்த வினைச்சொல், ஒரு பொருளுக்குக் கட்டுரை முழுக்க ஒரே பெயர். இது போதும். எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்குகிற இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள்.

மொழி வரவில்லை என்று அடுத்தவர் வாக்கியத்தை எடுத்து ஒட்டாதீர்கள். 2018-இல் வந்த மானியக் குழு விதிப்படி, ஒப்புமை பத்து சதவீதத்தைத் தாண்டினாலே நடவடிக்கை தொடங்குகிறது. அறுபதைத் தாண்டினால் ஆய்வு மாணவரின் பதிவே ரத்தாகும். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. இலக்கணம் பார்க்க உபயோகப்படுத்துங்கள், இதழ் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் அந்தக் கருவி பிறக்காத கட்டுரைக்கும் பெயர் வைத்துத் துணைநூல் பட்டியலில் சேர்த்துவிடும். ஒவ்வொன்றையும் நீங்களே திறந்து பார்க்க வேண்டும். கருவியை ஆசிரியராகப் போடக் கூடாது என்று முக்கிய இதழ்கள் சொல்லிவிட்டன. கேள்வி வந்தால் பதில் சொல்ல அது வராதல்லவா?

அனுப்பும் நாளும் அதற்குப் பிறகும்

ஒவ்வொரு இதழும் ஆசிரியர்களுக்கான வழிமுறை என்று ஒன்று வைத்திருக்கிறது. சொல் எண்ணிக்கை, துணைநூல் எழுதும் முறை, படத்தின் துல்லியம் எல்லாம் அதில் இருக்கும். அதை அச்செடுத்து ஒவ்வொன்றாக டிக் போடுங்கள். உடன் ஒரு கடிதம் வேண்டும்: என்ன கண்டோம், இந்த இதழின் வாசகருக்கு அது ஏன் வேண்டும், வேறு எங்கும் அனுப்பவில்லை, எல்லா ஆசிரியர்களும் சம்மதித்திருக்கிறார்கள். அரைப் பக்கம் போதும். ஒரே கட்டுரையை ஒரே சமயத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பவே கூடாது.

பதில் வரச் சில மாதங்கள் ஆகும். மதிப்பீட்டாளர் கடுமையாக எழுதியிருந்தால் அன்றைக்குப் பதில் போடாதீர்கள். கடிதத்தை மூடிவைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குங்கள். மறுநாள் எடுத்து, அவர் சொன்ன ஒவ்வொரு கருத்தையும் எண் போட்டு எழுதி, அதன் கீழே நீங்கள் செய்த மாற்றத்தையும் பக்க எண்ணையும் எழுதுங்கள். அவர் சொன்னது தப்பு என்றால், மரியாதையாக, ஆதாரத்தோடு மறுக்கலாம். "மதிப்பீட்டாளருக்குப் புரியவில்லை" என்று எழுதாதீர்கள். புரியவில்லை என்றால் எழுதினது புரியும்படி இல்லை என்றே எடுத்துக்கொண்டு அந்தப் பத்தியை மாற்றுங்கள். நிராகரித்துவிட்டார்களா? அந்தக் குறிப்புகளை வைத்துத் திருத்தி அடுத்த இதழுக்கு அனுப்புங்கள்.

முடிக்கும் முன், என் வயதுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். நோபல் பரிசு பெற்ற நம் சுப்பிரமணியன் சந்திரசேகர், 1952 முதல் 1971 வரை 'அஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னல்' இதழின் ஆசிரியராக இருந்து மற்றவர்களின் கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு நேரம் இருந்தது. நமக்கு இல்லையா? இதே ஊர் வேளாண் கல்லூரியில் மாணவர் சங்கம் என்ற பெயரில் சேர்ந்தவர்கள் தொடங்கிய 'மெட்ராஸ் அக்ரிகல்சுரல் ஜர்னல்' நூறு வருடத்தைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறது. படித்து முடித்தவர்களும் படிக்கிறவர்களும் கைகோத்தால் ஓர் இதழையே நடத்தலாம் என்பதற்கு அது சாட்சி.

இதழ் நடத்த நான் கேட்கவில்லை. இங்கே வந்திருப்பவர்களில் ஆராய்ச்சி நிலையத்தில், மில்லில், மருத்துவமனையில், வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள், ஒவ்வொருவரும் வருடத்துக்கு இரண்டே இரண்டு மாணவர்களின் கட்டுரைப் படியை, அனுப்பும் முன் படித்துக் கொடுங்கள். சிவப்புப் பேனாவால் தாராளமாகக் கிறுக்குங்கள். ஆனால் உங்கள் பெயரைப் போடச் சொல்லாதீர்கள். சங்க அலுவலகத்தில் இதற்கென்று ஒரு நோட்டு வைக்கச் செயலாளரைக் கேட்டிருக்கிறேன். முதல் பெயராக என் பெயரை எழுதிவிட்டுத்தான் மேடைக்கு வந்தேன்.

மாணவர்களே, நம் நூலகப் பீரோவில் பைண்டு பண்ணி அடுக்கி வைத்திருக்கும் ஆய்வேடுகளைப் போய்ப் பாருங்கள். நொய்யல் தண்ணீரைப் பற்றி, சாயப்பட்டறைக் கழிவைப் பற்றி, தென்னை வாடலைப் பற்றி, சோளத்தைப் பற்றி எத்தனை பேர் வெயிலில் நின்று எடுத்த எண்கள்! அச்சுக்குப் போகாததால் அடுத்தவர் அதே வேலையை முதலிலிருந்து செய்துகொண்டிருக்கிறார். உங்களுடையதையாவது அந்தப் பீரோவில் பூட்டவிடாதீர்கள். ராத்திரி ரூமுக்குப் போனதும் அந்த முதல் அட்டவணையைப் போடுங்கள். மிச்சத்தை நாங்கள் படித்துத் தருகிறோம்.

பந்தி காத்திருக்கிறது, போகலாமுங்க.